படத்திரையின் வரலாறும் பழைய மடிக்கணினியும்

ஈப்போ நகரில் ஞாயிற்றுக்கிழமைக் காலைகளில் கூடும் பழம்பொருள் சந்தையை உங்களில் பலர் அறிவீர்கள். 'பசார் காராட்' என்று சொன்னால்தான் பிள்ளைகளுக்குப் புரியும். பித்தளைச் சொம்பு, பழைய நாணயம், ஓடாத கடிகாரம், வெள்ளைக்காரன் காலத்து அரிக்கேன் விளக்கு ஆகியவற்றுக்கு நடுவே இப்போதெல்லாம் வேறொரு பொருளும் தரையில் சாய்த்து வைக்கப்பட்டிருப்பதைக் காணலாம். கணினித் திரைதான் அது. அலுவலகங்கள் புதியது வாங்கும்போது கழித்துப் போட்டவை. சில பத்து வெள்ளிக்குக் கிடைக்கும்.

அதன் முன்னால் ஒரு தகப்பனார் குந்தி உட்கார்ந்து, பின்பக்கத்தைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். வீட்டில் பிள்ளைக்கு ஒரு பழைய மடிக்கணினி இருக்கிறது. அதன் திரை சிறியது. எழுத்து எறும்பு ஊர்வதுபோல் தெரிகிறது. இந்தத் திரையை அதனோடு சேர்த்தால் படம் வருமா? கேபிள் பொருந்துமா? கடைக்காரரைக் கேட்டால், "எல்லாம் பொருந்தும், எடுத்துக்கிட்டுப் போங்க அண்ணே" என்பார். வீட்டுக்கு வந்தால் துளை ஒன்று, ஊசி ஒன்று. அரை நாள் கூலி போய்விட்டது.

ஏன் இத்தனை விதமான வாய்கள்? ஒரே வேலைக்கு ஒரே கம்பி போதாதா? இந்தக் கேள்விக்கு விடை கடையில் இல்லை, வரலாற்றில் இருக்கிறது. அந்த வரலாறு நம் பேராக் மாநிலத்தையும், தோட்டப்புற மக்களாகிய நம்மையும் அங்கங்கே தொட்டுக்கொண்டுதான் போகிறது.

முதலில் கம்பியையே எடுத்துக்கொள்வோம். மின்சாரத்தால் செய்தி அனுப்பக் கற்ற ஐரோப்பியர், கடலுக்கு அடியில் கம்பி போட விரும்பினார்கள். செம்புக் கம்பியைத் தண்ணீர் படாமல் மூட ஒரு பொருள் வேண்டியிருந்தது. அந்தப் பொருள் கிடைத்த இடம் மலாயாக் காடு. 'கெத்தா பெர்ச்சா' என்று மலாய்க்காரர் சொன்ன மரப்பால் அது. சிங்கப்பூரில் இருந்த மருத்துவர் வில்லியம் மொண்ட்கோமரி 1840-களில் அதன் மாதிரிகளைச் சீமைக்கு அனுப்பினார். 1851-இல் இங்கிலாந்துக்கும் பிரான்சுக்கும் இடையே போட்ட கடற்கம்பியும், 1866-இல் அட்லாண்டிக் பெருங்கடலைக் கடந்த கம்பியும் இந்தப் பாலைப் பூசிக்கொண்டுதான் கடலில் இறங்கின. சீவிப் பால் எடுக்கும் மரம் அன்று அது. வெட்டிச் சாய்த்துத்தான் எடுத்தார்கள். மலாயாக் காடுகளில் அந்த மரங்கள் கணக்கின்றி அழிந்தன.

நாம் 'கித்தா' என்று சொல்லும் சொல்லும் அந்தக் 'கெத்தா'தான். ஆனால் நம் கித்தாமரம் வேறு. பிரேசில் நாட்டு விதையிலிருந்து இலண்டன் கியூ தோட்டத்தில் முளைத்து, 1877-இல் சிங்கப்பூர் வந்த கன்றுகளில் ஒன்பது கோலகங்சாரில் நடப்பட்டன. பேராக்கின் பிரிட்டிஷ் ஆலோசகராக இருந்த ஹியூ லோ காலத்துச் செய்தி இது. அந்த ஒன்பது கன்றிலிருந்து நம் பாட்டன்மாருடைய கப்பல் பயணம் வரைக்கும் வரும் கதை உங்களுக்குத் தெரிந்ததே. கடற்கம்பி செய்தி சுமக்கத் தொடங்கிய நாளிலேயே இந்த மண்ணின் மரப்பால் அதற்குத் தோல் ஆயிற்று என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டு மேலே போவோம். இன்றைய கேபிளின் மேல் இருப்பது வெறும் பிளாஸ்டிக்.

இனித் திரைக்கு வருவோம். 1897-ஆம் ஆண்டில் கார்ல் பெர்டினாண்ட் பிரவுன் என்னும் ஜெர்மானிய அறிவியலார் ஒரு கண்ணாடிக் குழாயை உருவாக்கினார். உள்ளே காற்று நீக்கப்பட்டிருக்கும். பின்முனையிலிருந்து மின்னணுக் கற்றை பாய்ந்து வந்து முன்பக்கக் கண்ணாடியில் மோதும். மோதிய இடம் ஒளிரும். கற்றையை அங்குமிங்கும் திருப்பினால் ஒளிப்புள்ளி ஓடும். பிற்காலத் தொலைக்காட்சிப் பெட்டிகள் யாவும், பின்பக்கம் பெருத்த பழைய கணினித் திரைகள் யாவும் இந்தக் குழாயின் வழி வந்தவையே.

ஒரே ஒரு புள்ளி எப்படி முழுப் படமாகும் என்று கேட்கலாம். பால்மரம் வெட்டியவர்களுக்கு இதைச் சொல்லிப் புரியவைப்பது எளிது. தீம்பாரில் வெட்டுக்காரர் எப்படி நடப்பார்? முதல் நிரையின் முதல் மரத்தில் தொடங்கி, மரம் மரமாக வெட்டிக்கொண்டு நிரையின் முடிவுக்குப் போவார். பிறகு அடுத்த நிரை, அதற்கடுத்த நிரை. கடைசி நிரை முடிந்தால் அன்றைய தீம்பார் முடிந்தது. மறுநாள் மீண்டும் முதல் மரம். அந்த ஒளிப்புள்ளியும் அப்படியே இடமிருந்து வலமாக ஒரு நிரை, பிறகு அடுத்த நிரை என்று மேலிருந்து கீழ்வரை ஓடுகிறது. நம் நாட்டுத் தொலைக்காட்சியின் பழைய முறையில் 625 நிரை. விநாடிக்கு 25 முழுப் படம். புள்ளி ஓடுவது கண்ணுக்குத் தெரிவதில்லை. படம் மட்டும் தெரிகிறது.

ஆனால் ஒரு சிக்கல். படத்தை அனுப்புகிறவர் 40-ஆம் நிரையில் இருக்கும்போது பெட்டி 41-ஆம் நிரையில் இருந்தால் படம் சாய்ந்து சிதைந்து போகும். அதனால் ஒவ்வொரு நிரையின் முடிவிலும் ஒரு சைகை, படத்தின் முடிவில் ஒரு சைகை என்று இரண்டு சைகைகள் அனுப்பப்படுகின்றன. பிரட்டுக் களத்தில் கங்காணி ஊதும் விசிலைப் போல என்று வைத்துக்கொள்ளுங்கள். பழைய பெட்டியில் படம் மேல்நோக்கி உருண்டு உருண்டு ஓடியதும், பக்கத்தில் ஒரு தட்டுத் தட்டியதும் நினைவிருக்கிறதா? பெட்டி விசிலைத் தவறவிட்டதால் வந்த வினை அது. இந்த இரண்டு விசில்களை மறந்துவிடாதீர்கள். கணினிக் கேபிளில் மறுபடியும் வரும்.

மலேசியாவில் தொலைக்காட்சி 1963-ஆம் ஆண்டு டிசம்பர் 28-ஆம் நாள் தொடங்கியது. தொடக்கத்தில் கோலாலம்பூர் வட்டாரத்தில்தான் படம் தெரிந்தது. இரண்டாம் அலைவரிசை 1969-இல் வந்தது. 1972-ஆம் ஆண்டு ஜூன் மாதம் கல்வித் தொலைக்காட்சி பள்ளிகளுக்காகத் தொடங்கப்பட்டது. 1978-இல் வண்ணம் வந்தது. தோட்டங்களுக்கு இவை வந்து சேர்ந்த வேகம் வேறு. மின்சாரம் இருந்தால்தானே பெட்டி? பேராக் ஆற்றில் செண்டரோ அணை 1930-இலேயே மின்சாரம் தந்தது. ஆனால் அந்த மின்சாரம் முதலில் ஈயக் கப்பல்களுக்கும் நகரங்களுக்கும் போயிற்று. உயர்ந்த கம்பங்கள் தோட்டத்தின் மேலேயே கடந்து போகும். கீழே லயத்தில் மண்ணெண்ணெய் விளக்கு எரியும். பிறகு வந்த ஜெனரேட்டரும் பல தோட்டங்களில் மாலையில் சில மணி நேரம் ஓடி நின்றுவிடும். காரின் பேட்டரியில் ஓடிய கறுப்பு வெள்ளைப் பெட்டியின் முன்னால் நாலு வீட்டுப் பிள்ளைகள் பாய் விரித்துத் தமிழ்ப் படம் பார்த்த காலம் அது. படத்தின் உச்சக்கட்டத்தில் பேட்டரி இறங்கிப் போனதை இன்னமும் சொல்லி வருத்தப்படுகிறவர்கள் இருக்கிறார்கள்.

தொடக்கக் காலத்து வீட்டுக் கணினிகள் பலவற்றுக்குத் தனித் திரை கிடையாது. 1970-களின் இறுதியில் அமெரிக்காவில் அவை விற்பனைக்கு வந்தபோது, பலர் வீட்டுத் தொலைக்காட்சியோடுதான் இணைத்தார்கள். எழுத்துகள் மங்கலாகத் தெரிந்தன. 1981-இல் ஐ.பி.எம். நிறுவனம் தன் தனிக்கணினியை வெளியிட்டபோது, ஒன்பது ஊசி கொண்ட இணைப்பும் தனித் திரையும் வந்தன. வண்ணத் திரையில் மொத்தம் 16 வண்ணம். கம்பியில் ஒவ்வொரு வண்ணமும் 'உண்டு', 'இல்லை' என்று மட்டுமே சொல்லும். விளக்குச் சுவிட்சைப் போல, எரியும் அல்லது அணையும்.

அந்தக் காலத்தில்தான் நம் நாட்டவரான முத்து நெடுமாறன், 1980-களின் நடுவில், கணினித் திரையில் தமிழ் எழுத்தைக் காட்டும் 'முரசு' மென்பொருளை உருவாக்கும் வேலையில் இறங்கினார். ஆங்கில எழுத்துக்கே புள்ளிகள் போதாத திரையில் 'ஞ'-வையும் 'ணை'-யையும் அடக்குவது எத்தகைய வேலை என்று எண்ணிப் பாருங்கள். இன்று உங்கள் பிள்ளை கைப்பேசியில் தமிழில் தட்டுவதன் வேரைத் தேடிப் போனால் அவர் பெயர் வரும். நம் தமிழ்ப்பள்ளி மாணவர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய பெயர் என்பதால் வழியில் நின்று சொன்னேன்.

1987-ஆம் ஆண்டு ஏப்ரலில் ஐ.பி.எம். புதிய முறை ஒன்றை வெளியிட்டது. அதுதான் வி.ஜி.ஏ. பழைய மடிக்கணினியின் பக்கவாட்டில், பெரும்பாலும் நீல நிறத்தில், மூன்று வரிசையில் ஐந்தைந்தாகப் பதினைந்து துளை கொண்ட வாய் இருக்கிறதே, அதன் பிறப்பு இதுவே. இதில் சிவப்புக்கு ஒரு கம்பி, பச்சைக்கு ஒன்று, நீலத்துக்கு ஒன்று. இம்முறை சுவிட்சு மாதிரி இல்லை. தண்ணீர்க் குழாயைக் கொஞ்சமாகவும் அதிகமாகவும் திறப்பதுபோல, மின்னழுத்தத்தைச் சிறிது சிறிதாகக் கூட்டியும் குறைத்தும் வண்ணத்தின் அளவைச் சொல்லும். அதிக அளவே ஒரு வோல்ட்டுக்கும் குறைவுதான். மற்ற இரண்டு முக்கியக் கம்பிகள் எவை? நாம் சொன்ன இரண்டு விசில்கள்தான். ஒன்று நிரை முடிந்தது என்று சொல்லும். மற்றொன்று படம் முடிந்தது என்று சொல்லும். தொடக்க வி.ஜி.ஏ. திரையில் 640 புள்ளி அகலம், 480 நிரை. விநாடிக்கு அறுபது முறை.

மற்ற நிறுவனங்களும் இந்த இணைப்பையே பின்பற்றின. எந்தக் கணினியும் எந்தத் திரையோடும் பேசலாம் என்ற நிலை வந்தது. பிரவுன் குழாய் போய்த் தட்டையான திரவப் படிகத் திரை வந்த பின்பும் அதே பதினைந்து ஊசி தொடர்ந்தது. இதில் ஒரு வேடிக்கை. தட்டைத் திரையில் ஓடும் புள்ளியே கிடையாது. ஒவ்வொரு புள்ளியும் தன் இடத்தில் நிற்கிறது. கணினிக்குள் எண்ணாக இருக்கும் படத்தை மின்னழுத்தமாக மாற்றிக் கம்பியில் அனுப்பி, திரைக்குள் போனதும் மறுபடி எண்ணாக மாற்ற வேண்டும். ஓடாத வெட்டுக்காரருக்கு விசில் ஊதுவது போன்ற வேலை.

இந்த வீண்வேலையைத் தவிர்க்கவே புதிய வாய்கள் பிறந்தன. 1999-இல் டி.வி.ஐ. என்னும் அகன்ற வெள்ளை நிற இணைப்பு வந்தது. 2002-ஆம் ஆண்டு டிசம்பரில் சோனி, ஹிட்டாச்சி, தோஷிபா, பிலிப்ஸ் முதலிய ஏழு நிறுவனங்கள் கூடி எச்.டி.எம்.ஐ. முறையை வெளியிட்டன. படமும் ஒலியும் ஒரே கம்பியில் எண்ணாகப் போகும். 2006-இல் டிஸ்பிளே போர்ட் வந்தது. 2010-ஆம் ஆண்டின் இறுதியில் இன்டெல் முதலிய நிறுவனங்கள், 2015-க்குள் வி.ஜி.ஏ.-வைக் கைவிடுவோம் என்று அறிவித்தன. இப்போது உங்களுக்கு விளங்கும். 2010-ஐ ஒட்டி வந்த மடிக்கணினியில் வி.ஜி.ஏ. இருக்கும், அதற்குப் பிந்தியதில் எச்.டி.எம்.ஐ. மட்டும் இருக்கலாம். சந்தையில் கிடக்கும் திரையோ அலுவலகத்தில் பத்துப் பதினைந்து ஆண்டு உழைத்தது, அதில் வி.ஜி.ஏ. பெரும்பாலும் இருக்கும், டி.வி.ஐ. ஒருவேளை இருக்கும்.

இந்தப் பொருள்களைச் செய்த கைகளைப் பற்றியும் ஒரு சொல். 1972-இல் பினாங்கு பாயான் லெப்பாசில் தடையற்ற வாணிப வட்டாரம் திறக்கப்பட்டது. இன்டெல், ஹிட்டாச்சி, ஹியூலெட் பேக்கார்ட் போன்றவை அங்கே தொழிற்சாலை அமைத்தன. தோட்டங்களில் வேலை சுருங்கிய காலம் அது. கித்தாமரத்தை வெட்டிவிட்டுச் செம்பனை நட்டார்கள். சில தோட்டங்கள் துண்டு துண்டாக விற்கப்பட்டன. சில வீடமைப்புப் பகுதிகளாயின. தோட்டத்துப் பெண்பிள்ளைகள் பலர் தொழிற்சாலைப் பேருந்தில் ஏறினார்கள். அம்மா விடிகாலையில் தலைவிளக்கின் ஒளியில் பட்டையைச் சீவியது போலவே, மகள் உருப்பெருக்கியின் கீழே கண்ணைச் சுருக்கி மயிரிழைக் கம்பியை ஒட்டினாள். அந்தத் தலைமுறை செய்த சில்லுகள் உலகெங்கும் கணினிகளுக்குள் போயின. அவர்கள் வீட்டுக்குக் கணினி வந்து சேர மேலும் முப்பது, நாற்பது ஆண்டு ஆயிற்று என்பதைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை.

அப்படி வந்தவற்றுள் ஒன்று நெட்புக். 2010-ஐ ஒட்டி அரசாங்கம் குறைந்த வருமானக் குடும்பத்து மாணவர்களுக்கு 'ஒரே மலேசியா' நெட்புக் வழங்கியது. நெட்புக் வகைக் கணினிகளின் திரை பொதுவாகப் பத்து அங்குலம்தான். கொஞ்ச காலம் ஓடி, பேட்டரி செத்து, பீரோவின் மேலே ஏறிவிட்டன. பிறகு 2020-ஆம் ஆண்டு மார்ச் 18-ஆம் நாள் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தது. பள்ளிகள் மூடப்பட்டன. ஏப்ரல் மாதம் கல்வித் தொலைக்காட்சி மீண்டும் வீடுகளுக்கு வந்தது. ஆசிரியர்கள் கணினி வழியே பாடம் நடத்தினார்கள். ஒரு கைப்பேசியை மூன்று பிள்ளைகள் பங்கிட்ட வீடுகளில் பீரோவின் மேலிருந்த பழைய கணினி தூசி தட்டப்பட்டது. பலர் தவணைக்கு வாங்கினார்கள். சிலர் இரண்டாம் கையாக வாங்கினார்கள். கணக்குப் பாடத்தின் பின்னம் தெரியாமல் கண்ணைக் கசக்கிய பிள்ளைக்கு ஒரு பெரிய திரை என்பது ஆடம்பரமா? அல்ல. தெரியாத எழுத்தைப் பிள்ளை எப்படிப் படிக்கும்?

ஆகவே, சந்தைக்குத் திரும்புவோம். திரையை வாங்குமுன் மடிக்கணினியின் பக்கங்களைப் பார்த்து, எந்த வாய் இருக்கிறது என்று கைப்பேசியில் படம் பிடித்துக்கொண்டு போங்கள். இரண்டிலும் வி.ஜி.ஏ. இருந்தால் கவலையே இல்லை. இருமுனையிலும் ஊசியுள்ள சாதாரண கேபிள் போதும். அந்தக் கேபிளின் நடு வரிசையில் ஓர் ஊசி குறைந்திருந்தால் உடைந்தது என்று திருப்பிக் கொடுத்துவிடாதீர்கள். ஒன்பதாம் ஊசி தொடக்கத்தில் வேண்டுமென்றே விடப்பட்ட இடம். பல கேபிள்களில் இன்றும் இராது. வேறு ஊசி வளைந்திருந்தால்தான் தொல்லை.

மடிக்கணினியில் எச்.டி.எம்.ஐ. மட்டும் இருந்து, திரையில் வி.ஜி.ஏ. மட்டும் இருந்தால் இடையில் ஒரு மாற்றி வேண்டும். எண்ணை மின்னழுத்தமாக மாற்றும் சில்லு அதற்குள் இருக்க வேண்டும். இங்கேதான் ஏமாற்றம் நடக்கிறது. ஒரு முனையில் இதுவும் மறுமுனையில் அதுவுமாகச் சில்லே இல்லாத வெறும் கம்பி சில கடைகளில் தொங்கும். நானே ஒருமுறை அப்படி ஒன்றை வாங்கி, இரவு பத்து மணிவரை இரண்டு பக்கமும் பிடுங்கிச் செருகிப் பார்த்திருக்கிறேன். கம்பிக்குள் மொழிபெயர்ப்பாளர் இல்லாதபோது சீனமும் தமிழும் எப்படிப் பேசிக்கொள்ளும்? மேலும், மாற்றி ஒருவழிப் பாதை. எச்.டி.எம்.ஐ.-யிலிருந்து வி.ஜி.ஏ.-வுக்குப் போவது வேறு, வி.ஜி.ஏ.-விலிருந்து எச்.டி.எம்.ஐ.-க்குப் போவது வேறு. "கணினியில் இது, திரையில் அது" என்று கடைக்காரரிடம் திசையைச் சொல்லிக் கேளுங்கள். திரையில் டி.வி.ஐ. இருந்தால் வேலை எளிது, அதுவும் எச்.டி.எம்.ஐ.-யும் ஒரே மொழி பேசுவதால் சாதாரண கேபிளே போதும்.

விற்பவரிடம் மின்சாரம் இருந்தால் திரையை ஏற்றிக் காட்டச் சொல்லுங்கள். இரண்டு விநாடி படம் காட்டிவிட்டு இருண்டுபோனால், உள்ளே விளக்கோ அதற்கு மின்சாரம் தரும் பகுதியோ கெட்டிருக்கிறது, வாங்காதீர்கள். படம் மங்கி இளஞ்சிவப்பாகத் தெரிந்தால் விளக்கு முதுமையடைந்துவிட்டது. சில திரைகளுக்கு மின்கம்பி நேரே பொருந்தாது. தனிப் பெட்டி ஒன்று வேண்டும். அந்தப் பெட்டி இல்லாமல் வாங்கினால் அதே அளவு வோல்ட் உள்ளதைத் தேடி அலைய நேரிடும். பின்பக்கச் சீட்டில் 100 முதல் 240 வோல்ட் என்று எழுதியிருந்தால் நம் வீட்டு மின்சாரத்துக்கு ஏற்றது. 100 வோல்ட் மட்டும் என்றிருந்தால் அது வெளிநாட்டு மின்சாரத்துக்குச் செய்தது, செருகினால் புகைந்துவிடும்.

வீட்டுக்கு வந்ததும் இரண்டையும் அணைத்துவிட்டு வி.ஜி.ஏ. கேபிளைச் செருகி, இருபக்கத் திருகையும் கைவிரலால் முடுக்குங்கள். திரையை முதலில் ஏற்றி, பிறகு கணினியை ஏற்றுங்கள். பெரும்பாலும் படம் தானே வரும். 1994-இல் வகுத்த ஒரு முறைப்படி, திரை தன் அளவைக் கணினிக்குத் தானே சொல்லிவிடுகிறது. வராவிட்டால், விண்டோஸ் விசையை அழுத்திக்கொண்டு 'பி' விசையைத் தட்டுங்கள். விண்டோஸ் 7-க்கு முந்திய கணினியென்றால், 'எஃப்.என்.' விசையோடு, சிறு திரைப்படம் வரைந்த விசையைச் சேர்த்து அழுத்த வேண்டும். நாலு வழி காட்டும்: கணினித் திரை மட்டும், இரண்டிலும் ஒரே படம், இரண்டும் சேர்ந்து ஒரு பெரிய இடம், இரண்டாம் திரை மட்டும். படிக்கும் பிள்ளைக்குக் கடைசி வழியே நல்லது. இரண்டிலும் ஒரே படம் என்று வைத்தால், சிறிய திரையின் அளவுக்குப் பெரிய திரையும் இறங்கி வந்து, முகங்கள் பருத்துத் தெரியலாம்.

'அளவுக்கு மீறியது' என்ற பொருள்பட ஆங்கிலத்தில் திரை ஒரு வரி காட்டினால் அஞ்ச வேண்டாம். கணினி அனுப்பும் நிரைகளின் எண்ணிக்கையோ வேகமோ திரையால் தாங்க முடியாதது என்று பொருள். கணினியின் அமைப்பில் புள்ளி அளவைக் குறைத்து, வேகத்தை 60-இல் வையுங்கள். படம் ஓரமாக நகர்ந்திருந்தால் திரையிலுள்ள 'ஆட்டோ' பொத்தானை ஒருமுறை அழுத்தினால் நேராகிவிடும். படம் முழுதும் மஞ்சள் பூத்திருந்தால் நீலக் கம்பி தொடவில்லை. நீலமும் பச்சையுமாகக் கலந்து தெரிந்தால் சிவப்பு போயிற்று. கத்தரிப்பூ நிறம் ஏறியிருந்தால் பச்சை. கேபிளைக் கழற்றி ஊசியைப் பாருங்கள்; கடைக்குத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டாம்.

ஒலியைப் பற்றியும் தெரிந்துகொள்ளுங்கள். வி.ஜி.ஏ. கம்பியில் ஒலி போகாது; மடிக்கணினியின் ஒலிபெருக்கியே பேசும். எச்.டி.எம்.ஐ. கம்பியைச் செருகினாலோ, கணினி ஒலியையும் திரைக்கே அனுப்பிவிடும். திரையில் ஒலிபெருக்கி இல்லாவிட்டால் ஆசிரியர் வாயசைப்பார், சத்தம் வராது. கணினி கெட்டுவிட்டது என்று பலர் எண்ணிவிடுகிறார்கள். மணிக்கூட்டுக்கு அருகில் இருக்கும் ஒலிபெருக்கிப் படத்தைத் தொட்டு, ஒலி வெளிவரும் இடத்தை மடிக்கணினிக்கே மாற்றினால் போதும்.

வீட்டிலிருக்கும் தொலைக்காட்சியையும் ஒருமுறை திருப்பிப் பாருங்கள். 2019-ஆம் ஆண்டு அக்டோபரில் நாடு முழுவதும் பழைய ஒளிபரப்பு முறை நிறுத்தப்பட்டது. புதிய பெட்டி பொருத்தாதவர்களின் தட்டைத் தொலைக்காட்சிகள் சில சேமிப்பு அறைக்குப் போய்விட்டன. அவற்றுள் பலவற்றின் முதுகில் எச்.டி.எம்.ஐ.-யோ வி.ஜி.ஏ.-வோ இருக்கும். ஒளிபரப்பைப் பிடிக்க முடியாவிட்டாலும் கணினிக்குத் திரையாக அவை நன்றாக உழைக்கும். அதுபோலவே, திரை உடைந்த மடிக்கணினி மலிவாகக் கிடைத்தால் ஒதுக்க வேண்டாம். உள்ளே மற்றவை நலமாக இருந்தால், வெளித் திரையோடு சேர்த்து மேசைக் கணினியாக வைத்துக்கொள்ளலாம்.

பின்பக்கம் பெருத்த பழைய குழாய்த் திரையை மட்டும் இலவசமாகக் கொடுத்தாலும் வீட்டுக்குக் கொண்டுவர வேண்டாம். மின்சாரம் அணைந்த பின்பும் அதன் உள்ளே ஆளைத் தூக்கி எறியும் அளவுக்கு உயர் அழுத்தம் தங்கியிருக்கும். பெட்டியைத் திறந்து செம்பு எடுக்கப் போன பையன்கள் அடிபட்டதுண்டு. அதன் கண்ணாடியில் ஈயம் கலந்திருக்கிறது. கேபிள்களைக் கொல்லையில் போட்டுக் கொளுத்திச் செம்பு பிரிப்பதும் வேண்டாத வேலை; அந்தப் புகை சின்னப் பிள்ளைகளின் நெஞ்சுக்குள்தான் முதலில் போகும். 2005-ஆம் ஆண்டின் விதிமுறைகளின்படி இத்தகைய மின்னணுக் கழிவுகள் நம் நாட்டில் கட்டுப்படுத்தப்பட்ட கழிவுகள். உரிமம் பெற்ற இடங்களே அவற்றைப் பிரித்தெடுக்கலாம்.

இன்னொன்று. மாலை நேரத்து இடிமழை பேராக்கில் எப்படிப்பட்டது என்று நான் உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. கீழ்வானம் கறுத்தால் சுவிட்சை அணைப்பதோடு நில்லாமல் பிளக்கையும் சுவரிலிருந்து பிடுங்கிவிடுங்கள். இரண்டாம் கையாக வாங்கிய திரைக்கு உத்தரவாதச் சீட்டு எதுவும் கிடையாது.